நம்பி கோயில் மலைப்பாதையில் பார்த்த பூக்கள், பெயர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வள்ளியூர்ப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை பெரியம்மாவோடு திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குப் போய் வந்தேன். ஜீப்பில் போகலாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. "நடந்து வந்தவனுக்கும் ஜீப்புல வந்தவனுக்கும் ஒரே நம்பிதாம்ல, ஆனா நடந்து வந்தவனுக்குத்தான் புளியோதரை ருசிக்கும்" என்றார்கள். சரி என்று செக்போஸ்ட் தாண்டி நடக்க ஆரம்பித்தோம். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு நல்ல மழை பெய்திருந்தது, பங்குனி வெயிலிலும் பாதை அவ்வளவு காயவில்லை.

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறவன். பிறந்து வளர்ந்தது இங்கேதான் என்றாலும் வேம்பு, புளி, பனை, உடை இந்த நாலைத் தாண்டி எனக்கு மரம் தெரியாது. அன்றைக்குப் பார்த்த பூக்களை எல்லாம் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது, பாதை தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே நின்ற ஒரு சின்ன மரம். இலை பாதி உதிர்ந்திருக்கிறது, கிளை நுனியெல்லாம் வெள்ளைப் பூ. ஐந்து இதழ், நடுவில் துணி ஓரத்தைக் கிழித்து விட்டதுபோல ஒரு சுருக்கம். லேசான வாசனை. அதே மரத்தில் பச்சைக் குச்சி மாதிரி நீளக் காய்கள் இரண்டிரண்டாகத் தொங்குகின்றன, நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டு, பார்க்க இடுக்கி மாதிரி இருக்கிறது. இரண்டாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாறைச் சரிவில் ஒற்றை இலை இல்லாத மரம், ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் மஞ்சளாகப் பூ. கிட்டே போக வழியில்லை, ஜூம் பண்ணி எடுத்தது, அதனால் கொஞ்சம் கலங்கல். மூன்றாவது ஒரு செடி, நம் வீட்டு இட்லிப்பூவை வெள்ளையில் செய்ததுபோல, ஒவ்வொரு பூவிலிருந்தும் ஒரு நூல் நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பாதையோரம் முழுக்க, மஞ்சளும் ரோஸும் கலந்த குட்டிக் கொத்துப் பூ ஒன்று, அது முள்ளும் வாடையுமாக.

எனக்கு முக்கியம் கடைசிப் படம்தான். ஆள் உயரத்துக்கு மேல் புதராக வளர்ந்த ஒரு மரம், பூ கிளை நுனியில் இல்லை, மொட்டைக் கிளையிலேயே ஒட்டியிருக்கிறது. நீலம், கொஞ்சம் ஊதா. யாரோ நீலப் பஞ்சை உருட்டி உருட்டி ஒட்டி வைத்தமாதிரி. அந்த நிறத்தை நான் வேறு எந்த மரத்திலும் பார்த்ததில்லை, போட்டோவில் பாதிகூட வரவில்லை. ஆப்பில் போட்டால் ஒரு தடவை லாவண்டர் என்கிறது, இன்னொரு தடவை ஏதோ மெக்சிகோ செடியின் பெயர் சொல்கிறது. பெரியம்மாவைக் கேட்டேன். "அதா, காசான் வெறகுல்லா அது. அடுப்புல வச்சா நின்னு எரியும்" என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்கள். நான் பூவைக் கேட்டால் அவர்கள் அடுப்புக் கணக்குச் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாஞ்சோலைப்பனி

மேற்குத் தொடர்ச்சி மலை, நீலம், வேறென்ன, குறிஞ்சிதான்! பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். கொடுத்து வைத்தவர் நீங்கள்.

பழைய வாத்தியார்

குறிஞ்சி இல்லை, தம்பி. இதைப் பங்குனிக்குப் பங்குனி யாராவது ஒருவர் கேட்கிறார், யாராவது ஒருவர் குறிஞ்சி என்கிறார். நீலக்குறிஞ்சி மூணாறு பக்கம் 2006இல் பூத்தது, அப்புறம் 2018இல் பூத்தது, அடுத்தது 2030. பூப்பதும் ஆவணி புரட்டாசியை ஒட்டித்தான், பங்குனியில் இல்லை. உயரமான புல்மேட்டில் இடுப்பளவுப் புதராக நிற்கும், மலையடிவாரக் காட்டில் மரமாக நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலே, குறிஞ்சி இனத்தின் பூ இதழ்கள் ஒன்றாக ஒட்டி மணி மாதிரி இருக்கும். நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், நான்கு இதழ் தனித்தனியாக விரிந்திருக்கிறது. அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

அப்புறம் என்ன பூ என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு யூகம் உண்டு, உங்கள் பெரியம்மா சொன்ன வார்த்தையால் அது யூகத்தைத் தாண்டியும் விட்டது, ஆனாலும் இலையைக் காட்டாமல் பெயர் சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்குத் தாவரவியல் எடுத்தவன் நான், வருஷா வருஷம் மாசி பங்குனியில் அவர்களைக் காட்டுக்குக் கூட்டிப்போவேன், நூற்றில் தொண்ணூறு பிள்ளைகள் பூவை மட்டும் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள். பூ ஒரு வாரத்தில் போய்விடும். இலை எப்படி உட்கார்ந்திருக்கிறது, எதிரெதிரா, மாறி மாறியா? கிள்ளினால் பால் வருகிறதா? பட்டை பாளம் பாளமாக வெடித்திருக்கிறதா, வழவழவென்று இருக்கிறதா? போன வருஷத்துக் காய் கீழே கிடக்கிறதா? ஒரு படம் பூவுக்கு, ஒரு படம் இலையின் முதுகுக்கு, ஒரு படம் முழு மரத்துக்கு, பக்கத்தில் ஒரு அஞ்சு ரூபாய்க் காசு வைத்து அளவுக்கு ஒரு படம். இவ்வளவு போதும், ஆப்புக்கும் இது போதும். அது திணறுவது பாதி நேரம் நம் படத்தால்தான்.

சின்ன வயதில் மஞ்சணத்திக் காயில் ஈர்க்குச்சி குத்தி வண்டி செய்து உருட்டியிருப்பீர்கள். அந்த மரத்தின் பூ எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? வெள்ளையாக, குழல் குழலாக, ஒரு பச்சை உருண்டையிலிருந்து நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு, நல்ல மணத்தோடு பூக்கும். அந்த உருண்டைதான் பிறகு நீங்கள் சக்கரம் செய்த காய். நமக்கு எது உதவியதோ அந்தப் பாகத்துக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டோம்.

வெள்ளை இட்லிப்பூ மாதிரி என்று சொன்னீர்களே, அது பாவட்டை. உங்கள் ஒப்புமை சரியாகத்தான் இருக்கிறது, இட்லிப்பூ என்கிற வெட்சிக்கு அது சொந்தக்காரச் செடிதான். நான்கு இதழ், சூல்தண்டு அந்தப் பூக்குழலைத் தாண்டி நூலாக நீண்டு நிற்கும். ஆனால் சுளுந்து என்று ஒன்று உண்டு, அதுவும் வெட்சி இனம், அதுவும் வெள்ளைக் கொத்து, அதுவும் இதே பருவம். அந்தக் காலத்தில் பந்தம் கொளுத்த வைத்திருந்த குச்சி அதுதான். சுளுந்தில் அந்த நூல் குட்டையாக, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பாவட்டையில் நீளமாக, பிளக்காமல் இருக்கும். இன்னும் சந்தேகம் என்றால் பாவட்டை இலையை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் தெரியும். நோய் என்று நினைக்க வேண்டாம், இலைக்குள் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியாவின் வீடு அது. முதன்முதலில் இதைக் காட்டும்போது எந்தப் பிள்ளையும் நம்பாது, பிறகு வழியில் பார்க்கிற இலையை எல்லாம் சூரியனுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே வரும்.

தலையணைத் தண்ணீர்

மஞ்சளும் ரோஸுமாகப் பாதை முழுக்க என்று சொன்னீர்களே, அதைப் படம்கூடப் பார்க்க வேண்டாம், உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்துச் செடி, வெள்ளைக்காரன் தோட்டத்துக்கு அழகுக்காகக் கொண்டுவந்தது, இப்போது களக்காடு முதல் கூடலூர் வரை எங்கே பார்த்தாலும் அதுதான். ஒரு கொத்திலேயே இரண்டு நிறம் ஏன் என்றால், புதிதாக விரிந்த பூ மஞ்சள், பழசானது ரோஸ். பட்டாம்பூச்சிகள் பெரும்பாலும் மஞ்சளில்தான் உட்காரும், தேன் அங்கேதான் இருக்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் அது அடர்ந்த இடத்தில் புல் வளராது, புல் இல்லாத இடத்தில் மான் எதை மேயும்? ஐந்தில் ஒன்றை நான் முடித்துவிட்டேன், மிச்சத்தை வாத்தியார் பார்த்துக்கொள்வார்.

சித்த மருத்துவச்சி

முதல் படத்துக்கு நான் வருகிறேன். வெட்பாலை. சந்தேகமே இல்லை, ஏனென்றால் நீங்கள் இரண்டு அடையாளத்தையும் தெரியாமலே சொல்லிவிட்டீர்கள். நடுவில் கிழிந்த துணி ஓரம் மாதிரி ஒரு சுருக்கம், நுனி ஒட்டிய இரட்டைக் காய். இந்த இரண்டும் இருந்தால் வெட்பாலைதான்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குடசப்பாலை என்று இன்னொரு மரம் இருக்கிறது, அதுவும் இதே குடும்பம், அதற்கும் பால் உண்டு, அதற்கும் ஐந்து இதழ் வெள்ளைப் பூ, அதற்கும் நீளமான இரட்டைக் காய். பாளையங்கோட்டையில் படிக்கும்போது முதல் வருஷம் குற்றாலத்துக்குச் செடி பார்க்கக் கூட்டிப்போனார்கள், நான் இரண்டையும் மாற்றிச் சொல்லி, திரும்பி வரும் பஸ் முழுக்கக் கேலி. அன்றைக்குக் கற்றுக்கொண்டது இன்னும் மறக்கவில்லை. குடசப்பாலைப் பூவின் நடுவில் சுருக்கம் எதுவும் இருக்காது, வெறும் குழல் வாய்தான், மகரந்தம் உள்ளே ஒளிந்திருக்கும். வெட்பாலையில் மகரந்தப் பைகள் கூம்பு மாதிரி சேர்ந்து வெளியே துருத்திக்கொண்டிருக்கும், சுற்றி அந்த வெள்ளைக் குஞ்சம். குடசப்பாலையின் இரண்டு காய்களும் நுனியில் ஒட்டாது, தனித்தனியாகத் தொங்கும். இலையும் பெரிது. பூ இல்லாத காலத்தில் வந்தால் காயைப் பாருங்கள், காயும் இல்லை என்றால் கீழே கிடக்கும் பழைய காய்த்தோலைத் தேடுங்கள்.

வயிற்றுக்கடுப்புக்குக் குடசப்பாலைப் பட்டை, தோல் நோய்க்கு வெட்பாலை இலை. நாட்டு மருந்துச் சரக்கில் குடசப்பாலைப் பட்டையோடு வெட்பாலைப் பட்டை கலந்து வருவது பழைய பிரச்சினை, வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு இது வெறும் பெயர் விளையாட்டு இல்லை. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறும், காளாஞ்சகப்படைக்கு அந்த எண்ணெயைத் தடவச் சொல்வோம். அந்த இலையில் சாயம் இருக்கிறது, முன்பு அவுரி மாதிரி நீலச் சாயமும் எடுத்திருக்கிறார்கள். வெள்ளைப் பூ பூக்கிற மரம், பச்சை இலை, அதற்குள் நீலம். எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் மலைநம்பி பாதையில் இலை பறிக்கப் போக வேண்டாம். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988 முதல். பூவோ இலையோ பறிப்பது சட்டப்படி குற்றம். வெட்பாலை நம் ஊர்ப்புறத்து வேலியிலும் தரிசிலும் நிறைய நிற்கிறது. அத்தோடு, பால் வருகிற எந்தச் செடியையும் வாயில் வைத்துப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை வேண்டாம், அரளியும் இதே குடும்பம்தான்.

மரக்கடை அண்ணாச்சி

எல்லாரும் மஞ்சளை விட்டுவிட்டீர்களே. இலை இல்லாமல் பாறையில் பூக்கிற மஞ்சள் மரத்தை எங்கள் அப்பா காட்டுப்பருத்தி என்பார். காய் வெடித்தால் உள்ளே பஞ்சு இருக்கும், ஆனால் மரம் ஒன்றுக்கும் ஆகாது, மெத்தென்று இருக்கும். இழைப்புளி வைத்தால் நார் நாராக வரும்.

பழைய வாத்தியார்

அண்ணாச்சி சொன்னது சரி. அதுதான் கோங்கு. சங்கப் பாட்டில் வருகிற கோங்கம். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மாசி பங்குனியில் பொற்காசு மாதிரி பூக்கும்.

மரக்கடை அண்ணாச்சி

வாத்தியாரே, நான் முப்பது வருஷமாக மர வியாபாரம் பண்ணுகிறேன், கோங்கு எனக்குத் தெரியாதா? கோங்கு என்பது ஆற்றோரம் நிற்கிற பெரிய மரம், எப்போதும் பச்சை. கனம் என்றால் அப்படி ஒரு கனம், கரையான் லேசில் தொடாது. பழைய வீட்டு உத்தரமெல்லாம் அதில் பண்ணியிருப்பார்கள். அதன் பூ கண்ணுக்கே தெரியாது, காய்க்கு இரண்டு இறக்கை இருக்கும், சுற்றிக்கொண்டே விழும். அதையும் இந்தப் பஞ்சு மரத்தையும் ஒன்றாக்கிவிட்டீர்களே!

பழைய வாத்தியார்

ஒன்றாக்கவில்லை அண்ணாச்சி, ஊர் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் கோங்கு ஹோபியா பார்விஃப்ளோரா, பார்விஃப்ளோரா என்றாலே சின்னப் பூ என்றுதான் அர்த்தம், நீங்கள் சொன்னது அப்படியே பொருந்துகிறது. தம்பி பார்த்தது காக்லோஸ்பெர்மம் ரிலிஜியோசம். பாட்டு எழுதினவனுக்குப் பூ தெரிந்தால் போதும், வீடு கட்டினவனுக்கு மரம் தெரிந்தால் போதும், இரண்டு பேரும் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இதற்காகத்தான் அந்த லத்தீன் பெயரைப் பிடித்துத் தொங்குகிறோம், இல்லாவிட்டால் எங்களுக்கு மட்டும் அதில் என்ன ஆசை. தம்பிக்கு ஒரு அடையாளம்: வைகாசியில் போனால் அந்த மரத்தில் கைவிரல் விரித்தாற்போல் மடல் மடலாக இலை வந்திருக்கும். சிவப்பாக, தடித்த இதழோடு, முள் உள்ள மரத்தில் பார்த்தால் அது இலவு, இலை இல்லாமல் பூப்பதில் இரண்டும் ஒன்றுதான், நிறத்திலேயே பிரித்துவிடலாம்.

மரக்கடை அண்ணாச்சி

சரி, உங்களுக்குப் பூக்கோங்கு, எனக்கு மரக்கோங்கு. சண்டை முடிந்தது.

பொதிகைத் தென்றல்

நடுவில் ஒரு கேள்வி. நானும் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகிறேன், செங்காந்தள் பார்க்க முடியுமா? நம் மாநிலப் பூவை இன்னும் நேரில் பார்த்ததில்லை.

தலையணைத் தண்ணீர்

இப்போது கிடைக்காது. அதை ஊரில் கார்த்திகைப்பூ என்று சும்மாவா சொல்கிறார்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் வாருங்கள். கோடையில் கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். அந்தக் கிழங்கு நஞ்சு, தோண்டிப் பார்க்கிற ஆசையே வேண்டாம். பூக்கிற காலத்தில் இலை நுனியைப் பாருங்கள், சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டிருக்கும், வேறு கொழுகொம்பே அதற்குத் தேவையில்லை.

வள்ளியூர்ப் பையன்

வாத்தியார் ஐயா, இலை கிடைத்துவிட்டது! புதிதாக எடுத்தது இல்லை, பழைய படம் ஒன்றில் ஓரத்தில் ஒரு கிளை விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்ததில்: இலை எதிரெதிராக இருக்கிறது. தடிப்பாக, தோல் மாதிரி, பளபளப்பாக. நடு நரம்பு மட்டும் தெரிகிறது, பக்க நரம்பு ஒன்றும் தெரியவில்லை. பூ இலை இருக்கிற இடத்தில் இல்லை, அதற்குக் கீழே இலை விழுந்துபோன பழைய கணுவில் கொத்துக் கொத்தாக. மொட்டு ரோஸ் நிறம், மிளகை விடச் சின்னது.

பழைய வாத்தியார்

அப்படியானால் சந்தேகமே இல்லை. காயா. மெமெசைலான் என்கிற இனம். நான்கு நீல இதழ், எட்டு மகரந்தத் தாள், அந்தத் தாளின் காம்பும் நீலம், அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரித் தெரிகிறது. பூத்த நாலைந்து நாள்தான் அந்த நிறம், பிறகு கிளைக்குக் கீழே தரை நீலமாகிவிடும். காய் கறுப்பாகப் பழுக்கும், பறவைகள் தின்னும், ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் தின்றுவிட்டு நாக்கைக் காட்டிச் சிரிக்கும்.

காயா, காசான், காசா எல்லாம் ஒன்றுதான், உங்கள் பெரியம்மா முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டார்கள். விறகு என்று சொன்னதும் சரி, வெட்டக் கோடாலி பாடுபடும், அவ்வளவு கெட்டி. இலையில் மஞ்சள் சாயம் உண்டு. அதோடு மண்ணிலிருந்து அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்த்து வைக்கிற இனம் இது, அதனால் மற்றச் சாயம் நூலில் பிடித்துக்கொள்ளவும் இந்த இலை உதவும். முன்பு சாயம் போடுகிறவர்களுக்குப் படிகாரத்துக்குப் பதில் இது.

ஏட்டுச்சுவடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும், வாத்தியார் ஐயா. காயா முல்லை நிலத்துப் பூ, கார்காலத்தில் கொன்றையோடு சேர்ந்து பூப்பதாகத்தானே பழைய பாட்டுகள் சொல்கின்றன? தம்பி பார்த்தது பங்குனியில். கார்காலம் ஆவணி புரட்டாசி. மாதம் உதைக்கிறதே. அதுவும் பங்குனி நம் கணக்கில் பின்பனி, இளவேனிலே சித்திரையில்தான் தொடங்குகிறது.

பழைய வாத்தியார்

நல்ல கேள்வி. இதை என்னிடம் கேட்ட மாணவன் ஒருவனும் இல்லை என்பது என் குறை. கொன்றையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நம் தெருவில் நிற்கிற சரக்கொன்றை எப்போது பூக்கிறது? சித்திரையில். பக்கத்துக் கேரளத்தில் விஷுவுக்கு அதைத்தான் வைக்கிறார்கள். அப்படியானால் கொன்றை கார்காலம் என்று பாடினவர்கள் பொய் சொன்னார்களா? கொன்றை கோடையில் ஆரம்பித்தாலும் மழைக்குப் பிறகும் அங்கங்கே பூக்கும், தலைவி காத்திருக்கும்போது கண்ணில் படுகிற கொன்றை அந்த மழைக்கொன்றை. காயாவும் அப்படித்தான். அது காலண்டரைப் பார்ப்பதைவிட மழையைப் பார்க்கிற மரம். மாசிக்கு மேல் ஒரு காய்ச்சல், அதன்மேல் ஒரு நல்ல மழை, அடுத்த சில நாளில் கிளை முழுக்க நீலம். தம்பியின் முதல் பதிவை மறுபடி படியுங்கள், முந்தின வாரம் மழை பெய்தது என்று போட்டிருக்கிறார். நான் சந்தேகத்தை விட்டதற்கு அந்த வரியும் ஒரு காரணம்.

ஏட்டுச்சுவடி

ஒத்துக்கொள்கிறேன். பாட்டில் மழையைப் பிடித்துக்கொண்டு மாதத்தை விட்டிருக்க வேண்டும், நான் மாதத்தைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தம்பி, வாத்தியார் முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் போகிறாரே. காயாம்பூ என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். காயாம்பூ மேனியன், காயாம்பூ வண்ணன். நீங்கள் பெருமாளைப் பார்க்கப் போகிற வழியில் நின்று, பெருமாளின் நிறத்தைப் பார்த்து, இது என்ன கலர் என்று ஆப்பிடம் கேட்டிருக்கிறீர்கள்!

மாஞ்சோலைப்பனி

குறிஞ்சி என்று சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

வள்ளியூர்ப் பையன்

உடம்பு புல்லரித்துவிட்டது. உடனே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், பெரியம்மா தினமும் காலையில் விளக்கேற்றும்போது "காயாம்பூ வண்ணா" என்று தொடங்கித்தான் கும்பிடுவார்கள், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிருந்து கேட்கிறேன், அறுபது வருஷமாவது சொல்லியிருப்பார்கள்.

"பெரியம்மா, நீங்க காயாம்பூ காயாம்பூன்னு கும்பிடுதீங்களே, அது எந்தப் பூன்னு தெரியுமா?" என்றேன்.

"அது தேவலோகத்துப் பூவாக்கும்" என்றார்கள்.

"இல்ல பெரியம்மா, அன்னைக்கு மலைக்குப் போற வழியில காசான்னு சொன்னீங்கள்லா, அதுதான் காயாம்பூ."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார்கள்:

"ஏல, அந்த வெறகா?"

நான் ஆமாம் என்றேன். மறுபடி சத்தம் இல்லை. "எங்கம்மை கூட எத்தன கட்டு சுமந்திருப்பேன்" என்றார்கள். அப்புறம், வருகிற சனிக்கிழமை ஊருக்கு வர முடியுமா என்று கேட்டார்கள், வாத்தியார் சொன்ன நாலைந்து நாள் கணக்குக்குள் போய்விட வேண்டுமாம். இந்தத் தடவை ஜீப்பானாலும் பரவாயில்லையாம்.

வாத்தியார் ஐயா, பூ அதுவரை நிற்குமா?

பழைய வாத்தியார்

நீங்கள் பார்த்த மரத்தில் நிற்காது. ஆனால் எல்லா மரமும் ஒரே நாளில் பூப்பதில்லை, ஆற்றோர நிழலில் நிற்கிறது கொஞ்சம் பிந்தும். காலையில் சீக்கிரம் போங்கள், பாதையில் தேனீச் சத்தம் கேட்கிற இடத்தில் நின்று மேலே பாருங்கள். அப்படியே மேலே ஒன்றும் இல்லாவிட்டாலும் கீழே நீலமாக உதிர்ந்து கிடக்கும், பெரியம்மாவுக்குக் குனிந்து பார்ப்பது கஷ்டமாக இருந்தால் ஒரு துண்டை விரித்து உட்கார வையுங்கள். ஜீப்பில் போனால் ஒன்றும் தெரியாது, நடந்தே போங்கள்.